பழைய மினி கணினிகளின் பழுதை அறிகுறி வழியே கண்டறிதல்

1970களின் மினி கணினிகள் பெரும்பாலானவற்றில் நுண்செயலி கிடையாது. இன்று ஒரே சில்லுக்குள் அடங்கிவிடும் செயலகம், அவற்றில் சில அட்டைகள் மீது நூற்றுக்கணக்கான டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) வகை ஐ.சி.களாகப் பரவிக் கிடக்கிறது. டிஇசி நிறுவனம் 1965-இல் வெளியிட்ட முதல் பிடிபி-8-இல் அதுவும் இல்லை. தனித்தனி டிரான்சிஸ்டர்களும் டையோடுகளுமே இருந்தன. ஒவ்வொரு ஐ.சி.யின் ஒவ்வொரு காலிலும் அளவுமுனையை வைத்துப் பார்க்க முடியும். உற்பத்தியாளரின் முழுச் சுற்றுப்படங்களும் பல எந்திரங்களுக்கு இன்றும் கிடைக்கின்றன. ஆகவே, எவ்வளவு சிக்கலான பழுதானாலும் அதை ஒரு கேட், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கம்பி என்ற அளவுக்குக் குறுக்கிவிடலாம் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை. அட்டைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஓடினால் சரி என்று விட்டுவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது அறிகுறியைக் கலைத்துவிடுகிறது. நல்ல அட்டையையும் கெட்ட மின்வழங்கிக்குப் பலியிடுகிறது. கிடைத்த அறிகுறியை அப்படியே நிலைநிறுத்திக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தை மட்டும் செய்து, ஒவ்வொரு அளவையும் எழுதி வைத்துக்கொண்டு முன்னேற வேண்டும்.

எடுத்துக்காட்டுகளை டிஇசியின் பிடிபி-8/இ, பிடிபி-11, டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் நோவா 1200 ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன். ஏனைய எந்திரங்களில் முகவரிகளும் பெயர்களும் மாறும். தேடும் வரிசை மாறாது.

மின்விசை தரும் முன்

பல பத்தாண்டுகள் நின்றிருந்த எந்திரத்துக்கு உடனே மின்விசை தரக் கூடாது. எந்த அட்டை எந்த இடத்தில் இருந்தது, எந்த ஜம்பர் எப்படி இருந்தது, எந்தக் கேபிள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் படம் எடுத்து வையுங்கள். பஸ்ஸில், அதாவது எல்லா அட்டைகளும் பகிர்ந்துகொள்ளும் கோடுகளின் தொகுதியில், அட்டைகள் நிற்கும் வரிசையே அவற்றின் முன்னுரிமையை முடிவு செய்வதால், அந்த வரிசை பின்னர் ஒரு சான்றாகவே பயன்படும். காற்று வடிகட்டியிலும் உறைகளிலும் உள்ள நுரைப்பஞ்சு, காலப்போக்கில் பிசுபிசுத்து உதிர்ந்து, அட்டைகள் செருகப்படும் பின்பலகையான பேக்பிளேனின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். அதை உறிஞ்சியெடுத்துத் துடைத்த பிறகே மற்ற வேலை. எந்திரம் 115 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டுள்ளதா, 230 வோல்ட்டுக்கா என்பதை மின்மாற்றியின் முனைகளிலேயே பாருங்கள். உறையில் ஒட்டிய சீட்டை நம்ப வேண்டாம்.

மோதிரமும் உலோகக் கைக்கடிகாரமும் கழற்றப்பட வேண்டும். 5 வோல்ட் தானே என்று எண்ணிவிடக் கூடாது: 25 ஆம்பியர் தரக்கூடிய தடத்தின் குறுக்கே மோதிரம் பட்டால் விரல் வெந்துபோகும். பெரிய மின்தேக்கிகளை ஒரு மின்தடை வழியாகவே வெறுமையாக்க வேண்டும். திருப்புளியால் குறுக்கிட வேண்டாம். அலமாரியிலிருந்து எந்திரத்தை வெளியே இழுக்கும் முன் அதன் தாங்குகாலை நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் அலமாரியே முன்னோக்கிச் சாயும்.

காந்த வளைய நினைவகம், அதாவது கோர் மெமரி, உள்ள எந்திரமானால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த நினைவகம் மின்விசை இல்லாமலேயே உள்ளடக்கத்தைக் காக்கும். கடைசியாக அணைக்கப்பட்ட நாளில் இருந்த நிரல் இன்னும் அதற்குள் இருக்கலாம். அதன் ஒரே பிரதி அதுவாகவும் இருக்கலாம். எனவே மின்வழங்கி சரியாகி, நினைவகம் வாசிக்கத் தொடங்கியதும் முதல் வேலை, உள்ளதை முழுவதும் படித்துப் பதிவு செய்வது. சோதனை நிரல் எழுதும் முதல் சொல்லிலேயே (ஒரு முகவரியில் உள்ள பிட்களின் தொகுதியே சொல்) அந்த உள்ளடக்கம் அழியத் தொடங்கிவிடும்.

ஃபியூஸ் உடனே போகிறது. அல்லது 5 வோல்ட் எழுந்து நொடியில் விழுகிறது

எல்லா அட்டைகளையும் வெளியே எடுத்துவிட்டு, மின்வழங்கியைத் தனியாகச் சோதியுங்கள். ஃபியூஸ் அப்போதும் போனால் பழுது மின்மாற்றி, டையோடு பாலம், பெரிய மின்தேக்கி ஆகியவற்றுக்குள்தான் இருக்கிறது. போகவில்லையென்றால் பேக்பிளேனிலோ அட்டைகளிலோ குறுக்கிணைப்பு இருக்கிறது. மின்விசை இல்லாத நிலையில், ஒவ்வொரு அட்டையிலும் 5 வோல்ட், +15, −15 தடங்களுக்கும் தரைக்கும் இடையிலான மின்தடையை அளந்தால் குற்றவாளி அட்டை தெரிந்துவிடும். பெரும்பாலும் அது 15 வோல்ட் தடத்தில் உள்ள ஒரு டான்டலம் மின்தேக்கியாக இருக்கும். அவை குறுக்கிணைப்பாகவே கெடும் இயல்புடையவை. அட்டையில் பத்துப் பன்னிரண்டு டான்டலங்கள் இணையாக இருக்கும்போது எது கெட்டது என்பதைக் கண்டுபிடிக்க, ஆய்வுமேசை மின்வழங்கியிலிருந்து 1 வோல்ட்டுக்குக் குறைவாக, மின்னோட்ட வரம்பு வைத்துச் செலுத்தி, எது சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள்.

5 வோல்ட் எழுந்து உடனே விழுந்தால், குரோபார் எனப்படும் மிகைவோல்ட் காப்புச் சுற்று இயங்கியிருக்கக்கூடும். வோல்ட் எல்லை கடந்தவுடன் ஒரு எஸ்சிஆர் (தூண்டினால் கடத்தத் தொடங்கும் குறைகடத்திச் சுவிட்ச்) தடத்தைத் தரையோடு இணைத்துவிடும். அது இயங்கியதற்கு இரண்டு காரணங்களே உண்டு: சீராக்கியின் டிரான்சிஸ்டர் குறுக்கிணைந்து உண்மையிலேயே வோல்ட் ஏறியிருக்கிறது, அல்லது காப்புச் சுற்று தவறாக இயங்குகிறது. எதுவெனத் தெரிய அட்டைகள் இல்லாமல், போலிச் சுமை மட்டும் வைத்து அலைக்காட்டியில் அந்த எழுச்சியைப் பாருங்கள். அட்டைகள் பொருத்தியிருக்கும்போது குரோபாரைத் துண்டித்துப் பார்ப்பது கூடவே கூடாது. டிடிஎல் ஐ.சி.யின் உச்ச வரம்பு 7 வோல்ட். சீராக்கிக்குள் வரும் வோல்ட் அதைவிட மிக அதிகம். ஒரே நொடியில் செயலகம் முழுவதும் போய்விடும்.

போலிச் சுமைக்கு 1 ஓம், 50 வாட் மின்தடை போதும். 5 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுத்து 25 வாட் வெப்பத்தை வெளியிடும். எச்744 போன்ற 25 ஆம்பியர் சீராக்கிக்கு இப்படி மூன்று நான்கை இணையாக வைக்கலாம். சுமையோடு பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்கிறதா, அதன் மேல் ஏறியிருக்கும் அலைவு எவ்வளவு, அந்த அலைவின் வேகம் என்ன. 50 ஹெர்ட்ஸ் மின்விசையில் 100 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸில் 120 ஹெர்ட்ஸ் அலைவு பெரிதாகத் தெரிந்தால் பெரிய மின்தேக்கி கொள்ளளவு இழந்துவிட்டது. அலைவு மின்விசையின் அதே 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருந்தால், பாலத்தின் ஒரு டையோடு திறந்துகொண்டது.

நீண்டநாள் ஓய்ந்திருந்த மின்பகு மின்தேக்கிகளைக் கழற்றி, சில கிலோ ஓம் மின்தடை வழியாக ஆய்வுமேசை மின்வழங்கியிலிருந்து மெல்ல மெல்ல வோல்ட்டை உயர்த்தினால், உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகும். கசிவு மின்னோட்டம் மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்து நிலைத்தால் மின்தேக்கி பயன்படும். இறங்காமல் நின்றால் மாற்றிவிட வேண்டும். மின்வழங்கி முழுவதையும் மாறுமின்மாற்றி வழியாக மெல்ல உயர்த்தும் பழக்கம் நேரியல் மின்வழங்கிகளுக்குத்தான் பொருந்தும். சுவிட்சிங் வகைச் சீராக்கிகள் குறைந்த வோல்ட்டில் அதிக மின்னோட்டம் இழுக்கும். அவற்றுக்கு அது தீங்கு.

வோல்ட் எல்லாம் சரி. முகப்புப் பலகை எதற்கும் அசையவில்லை

மிக எளியதிலிருந்து தொடங்குங்கள். பிடிபி-11-இன் சாவி பூட்டு நிலையில் இருந்தால், எந்திரம் ஓடும். பலகையின் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள் இயங்கா. விளக்கு எரியாதது பிட் 0 என்பதாலா, விளக்கே போய்விட்டதாலா என்பதையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சில எந்திரங்களில் எல்லா விளக்குகளையும் ஒருசேர எரியவைக்கும் சோதனைச் சுவிட்ச் உண்டு.

அடுத்து ஏசி லோ, டிசி லோ என்ற இரண்டு கோடுகள். மின்விசை குறைகிறது என்று மின்வழங்கி செயலகத்துக்கு எச்சரிப்பது இவற்றின் வழியாகத்தான். இவை தாழ்ந்த நிலையில் இருந்தால் எச்சரிக்கை நடப்பில் உள்ளது என்று பொருள். மின்வழங்கியில் இவற்றை உருவாக்கும் சிறு சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் கெட்டிருந்தால், வோல்ட் எல்லாம் துல்லியமாக இருக்கும்போதே டிசி லோ செயலகத்தை மீட்டமைப்பு நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். விசிறி சுழல்கிறது, மல்டிமீட்டர் 5.0 காட்டுகிறது, எந்திரமோ கல்லாகக் கிடக்கிறது என்ற குழப்பமான நிலைக்கு இது மிக அடிக்கடி வரும் காரணம். அப்படியிருந்தும் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அதன்பின் கடிகாரத் துடிப்பு இருக்கிறதா என்று அலைக்காட்டியில் பாருங்கள். இருந்தால் பஸ்ஸுக்கு வாருங்கள். பிடிபி-11-இன் பஸ்ஸான யூனிபஸ்ஸின் ஒவ்வொரு முனையிலும் பெரும்பாலான கோடுகளுக்கு 5 வோல்ட்டிலிருந்து 180 ஓம், தரைக்கு 390 ஓம் என முனையமைப்பு இருக்கும். எனவே எவரும் பேசாதபோது முகவரி, தரவுக் கோடுகள் ஏறத்தாழ 3.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். ஒரு கோடு மட்டும் 0-க்கு அருகில் ஒட்டிக்கிடந்தால், ஏதோ ஓர் அட்டையின் பஸ் இயக்கி குறுக்கிணைந்து அதைக் கீழே இழுக்கிறது. எந்திரத்தை அணைத்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோடு விடுபடும் இடத்தைக் கண்டறியுங்கள்.

எடுக்கும்போதுதான் யூனிபஸ்ஸின் பெரிய பொறி காத்திருக்கிறது. பஸ்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் பஸ் கிராண்ட் கோடுகள் ஓர் அட்டைக்குள் நுழைந்து, மறுபுறம் வெளியேறி, அடுத்த அட்டைக்குப் போகின்றன. அட்டை இல்லாத இடத்தில் ஜி727 போன்ற சிறு தொடர்ச்சி அட்டை இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அதற்கு அடுத்துள்ள உள்ளீடு தொங்கலாகி உயர்நிலையாகத் தெரியும். கடைசியில் உள்ள எம்9302 முனையமைப்பு அட்டை, ‘எவரும் எடுத்துக்கொள்ளாத கிராண்ட் வந்திருக்கிறது’ எனக் கருதி, கிராண்டை ஏற்றதைத் தெரிவிக்கும் சாக் குறிகையை எழுப்பிக்கொண்டே இருக்கும். செயலகம் பஸ் விடுபடுவதற்காக முடிவின்றிக் காத்திருக்கும். நேரடி நினைவக அணுகலுக்கான என்பிஜி கிராண்ட் வேறு வழியில் செல்கிறது: பேக்பிளேனில் அந்த இடத்தின் சிஏ1, சிபி1 முனைகளை இணைக்கும் ஒரு கம்பி வழியாக. டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டை பொருத்தும்போது அந்தக் கம்பியை எடுத்திருப்பார்கள். அட்டை போன பிறகு கம்பி திரும்ப வராமலே இருந்திருக்கும். பிறர் கைபட்ட எந்திரத்தில் ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கம்பியின் தொடர்ச்சியை அளந்து பார்க்காமல், செயலக அட்டையின் மீது பழி போட வேண்டாம்.

பலகை இயங்குகிறது, எழுதியது வேறு, வாசிப்பது வேறு

தவறு நினைவகத்திலா, தரவுப் பாதையிலா என்று பிரிக்க வேண்டும். பிடிபி-11/40-இல் செயலகத்தின் ரிஜிஸ்டர்களையே (உள்சேமிப்பிடங்களையே) முகப்புப் பலகையிலிருந்து 777700 முதலான முகவரிகளில் அணுகலாம். இனி வரும் முகவரிகளும் பலகையில் இடும் சொற்களும் ஆக்டலில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்களில் உள்ளன. அங்கே 000000, 177777, 125252, 052525 ஆகியவற்றை எழுதி வாசியுங்கள். ரிஜிஸ்டரிலும் நினைவகத்திலும் ஒரே பிட் தவறினால் பலகையோ தரவுப் பாதையோ காரணம். நினைவகத்தில் மட்டும் தவறினால் நினைவகமே காரணம்.

கோர் மெமரியின் பழுதை நான் மற்ற எந்தப் பழுதையும்விட விரும்பி ஆராய்வேன்; அறிகுறியின் வடிவமே இடத்தைச் சொல்லிவிடும் பழுது அது. 4096 சொற்கள் கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் 64-க்கு 64 வளையங்கள். முகவரியின் ஆறு பிட்கள் ஒரு எக்ஸ் கம்பியையும், மற்ற ஆறு பிட்கள் ஒரு ஒய் கம்பியையும் தேர்ந்தெடுக்கும். இரண்டிலும் பாதிப் பாதி மின்னோட்டம் ஓடி, சந்திக்கும் வளையம் மட்டுமே புரளும். வாசிப்பது என்றால் வளையத்தை 0-வுக்குப் புரட்டிப் பார்ப்பது. புரண்டால் உணர்கம்பியில் சில பத்து மில்லி வோல்ட் அளவுக்கு ஒரு சிறு துடிப்பு எழும், அது 1. வாசித்ததை உடனே திரும்ப எழுத வேண்டும். எழுதும்போது எல்லா பிட்களிலும் 1 எழுதும் மின்னோட்டமே ஓடும். 0 வேண்டிய பிட்டில் மட்டும் தடுப்புக் கம்பியின் எதிர் மின்னோட்டம் அதை நிறுத்திவிடும்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் மீதி தானே தெளிவாகும். எல்லா முகவரிகளிலும் ஒரே பிட் எப்போதும் 1 என்றால், அந்தப் பிட்டின் தடுப்பு இயக்கி மின்னோட்டம் தரவில்லை. ஒரே பிட் எப்போதும் 0 என்றால் உணர்பெருக்கி துடிப்பைக் காணவில்லை. எல்லா பிட்களும் 0-வாக வரும் முகவரிகள் 64 மட்டுமே இருந்து, அவற்றின் எக்ஸ் பாதியோ ஒய் பாதியோ ஒன்றாகவே இருந்தால், ஒரு கம்பி அல்லது அதன் தேர்வு டையோடு அறுந்திருக்கிறது. அப்படி 512 முகவரிகள் இருந்தால், பழுது ஒரு கம்பியில் இல்லை; 64 கம்பிகளை எட்டுக்கு எட்டு அணியாக இயக்கும் இயக்கிகளில் ஒன்று போயிருக்கிறது. ஆகவே பழுதான முகவரிகளை ஆக்டலில் வரிசையாக எழுதி, எந்த பிட்கள் மாறாமல் இருக்கின்றன என்று கோடிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத் தாள் வேலை, மணிக்கணக்கான அளவெடுப்பை மிச்சப்படுத்தும்.

குளிரில் சரியாக ஓடி, சூடானதும் சிதறிச் சிதறித் தவறுகள் வந்தால், மின்னோட்ட அளவோ உணர்பெருக்கியின் ஸ்ட்ரோப் நேரமோ (துடிப்பைப் பார்க்கும் கணமோ) விலகியிருக்கிறது என்று பொருள். வளையங்கள் வெப்பத்துக்கு ஏற்ப மாறுவதால், பல நினைவகங்களில் ஒரு வெப்ப உணரி மின்னோட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அதன் இணைப்பை முதலில் பாருங்கள். ஸ்ட்ரோபை மாற்றும் திருகைத் தொடுவது எல்லாம் பார்த்து முடித்த பின்னரே. தொடும் முன் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையத் தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தூரிகையால் துடைக்காதீர்கள். மயிரிழைக் கம்பி ஒன்று அறுந்தால் அதைக் கோத்துத் தர இன்று ஆள் கிடைப்பது அரிது.

குறைகடத்தி நினைவகத்தில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. 4116 வகை ஐ.சி.களுக்கு +12, +5, −5 என மூன்று வோல்ட்டும் வேண்டும். −5 இல்லாமல் +12 வந்தால் அவை அழிந்துவிடும். மூன்றையும் அளந்த பிறகு, தவறும் பிட்டின் ஐ.சி.யை மாற்றினால் போதும்.

ஓடத் தொடங்குகிறது, தவறான விடை தருகிறது, அல்லது நின்றுவிடுகிறது

பெரிய சோதனை நிரலை ஏற்ற அவசரப்படாதீர்கள். சோதனை நிரல் ஓடுவதற்கே செயலகத்தின் பெரும்பகுதி சரியாக இருக்க வேண்டும். பலகையிலிருந்து கையால் இடக்கூடிய மிகச் சிறிய நிரலே முதலில் போதும். பிடிபி-11-இல் 001000 என்ற முகவரியில் 000777 என்று இட்டு ஓடவிடுங்கள். தன்மீதே தாவும் ஒரே கட்டளை அது. ரன் விளக்கு அணையாமல் நின்றால் கட்டளையை எடுத்தல், பிரித்தறிதல், தாவல் ஆகிய மூன்றும் நடக்கின்றன. பிடிபி-8/இ-இல் இந்த நான்கு சொற்களை இடலாம்:

0000  2100
0001  5000
0002  7001
0003  5000

0100 என்ற இடத்தைக் கூட்டிக்கொண்டே போய், அது 4096 முறை கூட்டப்பட்டு 0-வுக்குத் திரும்பியதும் ஏசி ரிஜிஸ்டரில் (அக்குமுலேட்டரில்) 1 கூட்டும் நிரல் இது. முகவரியை ஏற்றி, கிளியர், கன்டினியூ கொடுத்து, திருகுசுவிட்சை ஏசி நிலையில் வையுங்கள். கீழ் பிட்கள் படபடக்க, மேல் பிட் ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட பிட்டைத் தாண்டவே இல்லையென்றால் கூட்டியில் மேல் பிட்டுக்குப் போகும் மிகுதி அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. ஒரு பிட் எப்போதும் எரிந்தால் அதன் ஃபிளிப்ஃபிளாப்பையோ அதற்குள் தரவை விடும் கேட்டையோ பாருங்கள்.

நோவா 1200-இல் இந்த வடிவம் வேறு மாதிரி இருக்கும். அந்த எந்திரம் 16 பிட் சொல்லை நான்கு நான்கு பிட்டாக, ஒரே ஒரு 74181 கணக்கீட்டு ஐ.சி. வழியாகச் செலுத்துகிறது. எனவே அந்த ஐ.சி.யில் ஒரு பிட் கெட்டால் தவறு சொல்லில் நான்கு இடங்களில், சம இடைவெளியில் வரும். நான்கு பிட் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் தவறைக் கண்டால் வேறெங்கும் போக வேண்டாம்.

பிடிபி-11 காரணம் தெரியாமல் நின்றால், அது எங்கே விழுந்தது என்பதை அதையே சொல்லவையுங்கள். இல்லாத முகவரியை அணுகினால் அது 4 என்ற வெக்டருக்கும் (அடுத்து ஓட வேண்டிய முகவரியை வைத்திருக்கும் இடம்), தெரியாத கட்டளைக்கு 10 என்ற வெக்டருக்கும் தாவும். 4-இல் 000006, 6-இல் 000000; 10-இல் 000012, 12-இல் 000000 என்று இட்டுவையுங்கள். நிரலின் முதல் கட்டளையாக 012706 001000 வைத்து, திரும்பும் முகவரி சேமிக்கப்படும் இடத்தைக் காட்டும் அடுக்குச் சுட்டியை (ஸ்டாக் பாயின்டரை) நிலைப்படுத்துங்கள். இனி எந்திரம் 10-ஐக் காட்டி நின்றால் பஸ் தவறு. 14-ஐக் காட்டி நின்றால் தெரியாத கட்டளை. 774-இல் உள்ள சொல், விழுந்த இடத்துக்கு அடுத்த முகவரியைத் தரும். அடுக்குச் சுட்டி நிலைப்படுத்தப்படாமல் இருந்தால், தவறைக் கையாளும்போதே இன்னொரு பஸ் தவறு வந்து செயலகம் அப்படியே நின்றுவிடும். அதைச் செயலகப் பழுது என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு.

இடம் குறுகிய பிறகு, நீட்டிப்பு அட்டையில் வைத்து அலைக்காட்டியால் பாருங்கள். டிடிஎல்லில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே 0, 2.0-க்கு மேலே 1. ஒரு கால் அசையாமல் 1.5 வோல்ட் அளவில் நின்றால் அதை எவரும் இயக்கவில்லை: தடம் அறுந்திருக்கலாம், அல்லது முந்தைய ஐ.சி.யின் உள்கம்பி விட்டிருக்கலாம். துடிப்பு பாதி உயரத்தில் திணறினால் இரண்டு வெளியீடுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன.

சில நேரம் ஓடுகிறது, சில நேரம் இல்லை

பெரும்பாலும் தொடர்பு முனைகளே காரணம். அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடைத்தால் போதும். அழிப்பானால் தேய்ப்பவர்கள் பலர்; அது முலாமையே அரித்து எடுத்துவிடும். மலிவான ஐ.சி. தாங்கிகள், வெள்ளிமுலாம் கறுத்த கால்கள், பேக்பிளேனில் தளர்ந்த 5 வோல்ட் திருகுகள் ஆகியவற்றையும் பாருங்கள். தளர்ந்த திருகைக் கண்டுபிடிக்க, வோல்ட்டை மின்வழங்கியில் அளந்து, பிறகு சுமையோடு பேக்பிளேனின் தொலைமுனையில் அளந்து ஒப்பிடுங்கள்.

விட்டுவிட்டு வரும் பழுதை நிலையான பழுதாக்க ஒரு பழைய வழி உண்டு. சோதனை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது 5 வோல்ட்டை 4.75 வரை இறக்கியும் 5.25 வரை ஏற்றியும் பாருங்கள். தளர்ந்துபோன ஐ.சி. ஒரு எல்லையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அது தெரிந்ததும், குளிர்தெளிப்பானால் ஒவ்வொன்றாகக் குளிரவைத்து ஆளைப் பிடிக்கலாம்.

முனையத்தில் குப்பை எழுத்துகள். அல்லது எதுவும் இல்லை

ஏஎஸ்ஆர்-33 தந்தித் தட்டச்சு ஓயாமல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், 20 மில்லி ஆம்பியர் மின்னோட்ட வளையம் எங்கோ திறந்திருக்கிறது. அந்த வளையத்தில் ஓய்வு நிலை என்பதே மின்னோட்டம் ஓடும் நிலை.

பிடிபி-11-இல் எழுத்தை அனுப்ப நிரலே தேவையில்லை. பலகையிலிருந்து 777566 என்ற முகவரியில் 101 இடுங்கள். முனையத்தில் ஆங்கில முதல் பெரிய எழுத்து தோன்ற வேண்டும். வேறு எழுத்து வந்தால் வேகமோ சமநிலை பிட்டோ பொருந்தவில்லை. வேகத்தை அளக்க 125 என்ற எண்ணை அனுப்புங்கள். அதில் 1-உம் 0-வும் மாறிமாறி வருவதால் அலைக்காட்டியில் ஒரு பிட்டின் அகலத்தை நேரடியாக அளக்கலாம்: 110 பாட் என்றால் ஏறத்தாழ 9.1 மில்லிநொடி, 9600 என்றால் 104 மைக்ரோநொடி. அனுப்புவது சரியாகிவிட்டால், வாங்குவதைச் சோதிக்க 001000-இலிருந்து இந்த எதிரொலி நிரலை இடுங்கள்:

001000  105737
001002  177560
001004  100375
001006  113737
001010  177562
001012  177566
001014  000771

தட்டிய எழுத்தே திரும்ப வந்தால் தொடர் இடைமுகம் முழுவதும் சரி.

டிஸ்க் தயாராவதில்லை, அல்லது படிப்பதில்லை

தலைகளையும் தட்டையும் துடைக்காமல், வடிகட்டியைப் பார்க்காமல் எந்தத் தட்டையும் சுழலவிடாதீர்கள். தலை தட்டில் மோதினால் இரண்டும் போய்விடும். பிடிபி-11-இன் ஆர்கே05 டிஸ்க் இயக்கியில், மின்விசை நின்றால் தலைகளைப் பின்னிழுக்கும் நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் உண்டு. அவை கசிந்திருக்கும், மாற்றிவிடுங்கள். முதலில் உள்ளடக்கம் தேவைப்படாத தட்டோடு, எழுதுத் தடையை இட்டுச் சுழலவிட்டு, ஒலியைக் கேளுங்கள். கீச்சொலி எழுந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

படிக்கிறதா என்று பார்க்க, மீட்டமைப்புக்குப் பின் 777406-இல் 177400, 777404-இல் 5 என்று இடுங்கள்; டிஸ்கின் முதல் செக்டர் நினைவகத்தில் முகவரி 0-விலிருந்து ஏற வேண்டும். ஏறாவிட்டால் 777402-இல் உள்ள பிழைச் சொல்லைப் பாருங்கள். பிழை எதுவும் காட்டாமல், நினைவகமும் மாறாமல் கட்டுப்பாட்டு அட்டை அப்படியே தொங்கினால், முன்பு சொன்ன சிஏ1–சிபி1 கம்பிதான் முதல் சந்தேகம்: அட்டை இருக்கும் இடத்தில் அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஐ.சி.யை மாற்றும்போது

கால்களை முதலில் வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவுங்கள். ஐ.சி. இருபது இருக்கிறது, அட்டை ஒன்றுதான். பொருத்தும் இடத்தில் நல்ல தரமான தாங்கி வைக்கலாம்.

எண் பொருந்தினால் எதையும் போடலாம் என்று நினைக்கக் கூடாது. 74 வரிசை வெளியீடு 16 மில்லி ஆம்பியர் தாங்கும்; 74எல்எஸ் வரிசை 8 மட்டுமே. பஸ் இயக்கிகளில் இது இன்னும் முக்கியம். இருமுனை முனையமைப்பு உள்ள யூனிபஸ் கோட்டைக் கீழே இழுக்க ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் வேண்டும். பஸ் இயக்கியான 8881-க்குப் பதிலாகக் காலமைப்பு பொருந்தும் சாதாரணத் திறந்த-கலெக்டர் கேட்டைப் போட்டால், மேசையில் ஓரளவு ஓடும்; பஸ்ஸில் தாழ்நிலை போதுமான அளவு தாழாமல், மறுபடியும் விட்டுவிட்டு வரும் பழுதாகவே திரும்பும். 8881, 8641 போன்றவற்றுக்கு அதே எண்ணையே தேடிப் பெறுங்கள்.

மாற்றி முடித்ததும், எந்தச் சோதனை முன்பு தவறியதோ அதையே, எந்திரம் சூடேறிய பிறகு, 4.75-இலும் 5.25-இலும் ஓடவிடுங்கள். இரண்டிலும் தேறினால், மாற்றிய ஐ.சி.யின் இடத்தையும் நாளையும் அட்டையின் கோப்பில் எழுதி, கழற்றிய ஐ.சி.யையும் உறையிலிட்டு அதனுடனேயே வைத்துவிடுங்கள்.